பார்த்து நின்ற இரண்டு பிள்ளைகள்

சிதறால் மாணவியர், பத்தாம் வகுப்பு

சிதறாலுக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எங்கள் மலையைப் பார்க்கத்தான் வருவார்கள். மார்த்தாண்டத்திலிருந்து ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர். கல் பாவிய பாதையில் மூச்சு வாங்க ஏறினால், மேலே பெரும் பாறையொன்று கூரைபோல் கவிந்து நிற்கும். அதன் அடியில், பாறையின் முகத்தில், சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசையாக வீற்றிருக்கிறார்கள். திருச்சாரணத்து மலை என்பது பழைய பெயர். ஊரில் சொக்கன்தூங்கி மலை என்போரும் உண்டு. 9ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று, குணந்தாங்கிக் குரத்திகள் என்ற பெண் துறவி இம்மலைத் தெய்வத்துக்குப் பொன் அணி கொடுத்ததைக் கூறுகிறது. குரத்தி என்றால் பெண் குரு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எங்கள் ஊரில் கற்பிக்கும் துறவுப் பெண்கள் இருந்தார்கள் என்பதில் எங்கள் அருட்சகோதரியருக்கும் மகிழ்ச்சிதான்.

அந்த மலையில் அம்பிகை என்னும் இயக்கியின் உருவமும் உண்டு. அருகில் ஒரு சிங்கம். இரண்டு சின்னஞ்சிறு பிள்ளைகள். சமணர்கள் சொல்லும் கதை இது. வடமேற்கே கிர்நார் மலைப்பக்கத்தில் ஓர் அந்தணர் வீட்டு மனைவி அம்பிகை. பிதிர்க்கடனுக்காகச் சமைத்த உணவில் ஒரு பங்கை, வாசலில் வந்து நின்ற சமண முனிவருக்கு இட்டுவிட்டாள். கணவன் சோமசர்மனுக்குக் கோபம் தலைக்கேறியது. வீட்டை விட்டுத் துரத்திவிட்டான். இரண்டு ஆண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு காட்டுவழி நடந்தாள். பசித்த பிள்ளைகளுக்கு மாமரம் பழம் தந்தது; வற்றிக் கிடந்த குளம் நீர் சுரந்தது. பிறகு கணவன் மனம் வருந்தி, அவளை அழைத்துவரப் புறப்பட்டான். தூரத்தில் அவன் வருவதைக் கண்ட அம்பிகையோ, அடிக்கத்தான் வருகிறான் என்று அஞ்சி ஓடி உயிரிழந்தாள். மறுபிறப்பில் அவள் இயக்கியானாள். அவன் அவளைச் சுமக்கும் சிங்கமானான்.

இக்கதையைக் கேட்கிறவர்கள் சிங்கத்தைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். செய்ததைச் சுமக்கிறான் பார் என்று சொல்வதற்கு அது வசதியாக இருக்கிறது. எங்களுக்குக் கண் போவது அந்தப் பிள்ளைகளிடம். தகப்பன் கத்தியதை அவர்கள் கேட்டார்கள். தாய் வாசலைத் தாண்டியதைப் பார்த்தார்கள். தகப்பன் திரும்பி வருவதைக் கண்டு தாய் நடுங்கியதையும் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். அதன்பின் அவர்கள் தூங்கினார்களா, சாப்பிட்டார்களா, படித்தார்களா என்பதைப் பற்றி எங்களுக்குச் சொல்லப்பட்ட கதையில் ஒரு வார்த்தையும் இல்லை. எங்கள் ஊரிலும் அப்படித்தான். அடித்தவரைப் பற்றிப் பேசுவார்கள், அடிபட்டவரைப் பற்றிப் பேசுவார்கள். கதவுக்குப் பின்னால் நின்ற பிள்ளைகளை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் இந்த ஆண்டு மலரில் எழுத விரும்பினோம்.

'நாங்கள்' என்பது நால்வர். ஒரே பேருந்தில் வந்து, ஒரே பெஞ்சில் அமர்ந்து, மதியம் ஒருத்தியின் டிபன் பாக்ஸில் மற்றவள் கைவைக்கும் நால்வர். பேனா ஒருத்தியின் கையில் இருந்தாலும் சொல்லப்படுபவை நால்வருடையவை. எங்களில் இருவரின் வீட்டில் அம்மா அடிபடுகிறார்கள். மூன்றாமவளின் வீடு அமைதியானது. ஆனால் சுவருக்கு அப்பால் நடப்பதெல்லாம் அவள் கட்டிலுக்கே கேட்கும். நான்காமவளின் வீட்டில் அப்பா கோபித்தால் சாப்பிடாமல் படுத்துக்கொள்வார், அவ்வளவுதான். வீடு என்பது எப்படி இருக்கலாம் என்பதற்கு அவள் வீடுதான் எங்களுக்கு அளவுகோல். எது யாருடைய வீடு என்று சொல்ல மாட்டோம். அதற்காகவே 'நாங்கள்' என்று எழுதத் தீர்மானித்தோம். தோழியரே, நீங்களும் தயவுசெய்து ஊகித்துப் பார்க்க வேண்டாம். அம்மாக்களிடம் கேட்டுத்தான் எழுதுகிறோம். ஓர் அம்மா கேட்டவுடன் சரி என்றார்கள். இன்னோர் அம்மா நான்கு நாள் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "எழுது மக்களே" என்றார்கள்.

முதல் வீட்டில் அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். விடிவதற்கு வெகு நேரம் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார். உழைப்பாளி என்று ஊரே சொல்லும், நாங்களும் சொல்வோம். ஆனால் மழை பெய்தால் வெட்டு இல்லை. இலை உதிர்ந்து மரம் தளிர்க்கிற மாசி, பங்குனியிலும் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளில் கூலி கிடையாது. கூலி இல்லாத நாளிலும் குடிக்க மட்டும் எப்படியோ காசு கிடைத்துவிடுகிறது. இரவில் ஓட்டின்மேல் மழை விழும் ஓசை கேட்டால் மற்ற வீட்டுப் பிள்ளைகள் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார்கள். அந்த வீட்டில் அக்காளும் தம்பியும் விழித்துக்கொள்வார்கள்.

இரண்டாம் வீட்டில் குடி இல்லை. அப்பா மாதச் சம்பளக்காரர். தேய்த்த வெள்ளைச் சட்டை, ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில் முன்வரிசை. மாலைக் குடும்ப ஜெபம் ஒருநாளும் தவறாது. அங்கே சத்தமும் அதிகம் கேட்காது. ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் எல்லாம். குழம்பில் உப்புக் கூடியது, போன் எடுக்கத் தாமதமானது, பாட்டியிடம் எதிர்த்துச் சொன்ன ஒரு சொல், இவற்றில் ஏதாவது ஒன்று போதும். மறுநாள் அம்மா முழுக்கை ரவிக்கை அணிந்திருப்பார்கள்.

குடிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று பெரியவர்கள் சொல்லும்போது இந்த இரண்டாம் வீட்டை நினைத்துக்கொள்கிறோம். கணவர் குடிக்கிற வீடுகளில் அடி அதிகம் என்பது அரசு எடுத்த கணக்கெடுப்புகளிலும் தெரிந்த உண்மைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் குடித்துவிட்டு வருகிற அப்பா வழியில் தோட்ட முதலாளியை அடிப்பதில்லை. பேருந்து நடத்துநரை அடிப்பதில்லை. போலீஸ்காரரைக் கண்டால் நேராக நடக்கிறார். கை ஓங்குவதற்கு வீடு வந்து சேரும்வரை காத்திருக்க முடிகிறதென்றால், அறிவு முழுவதும் மயங்கிவிடவில்லை என்றே நாங்கள் நினைக்கிறோம். வீட்டுக்குள் அடித்தால் கேட்பாரில்லை என்பது குடித்தவருக்கும் தெரியும், குடிக்காதவருக்கும் தெரியும்.

இப்படிப்பட்ட வீடுகளில் வளர்ந்தால் காது மிகவும் கூர்மையாகிவிடும். பைக்கை ஸ்டாண்டு போடும் வேகம், வெளிக்கதவின் கொண்டி விழும் ஓசை, செருப்பைக் கழற்றுகிறாரா உதறுகிறாரா என்பது, இவற்றை வைத்தே அன்றைய இரவு எப்படிப் போகும் என்று எங்களால் சொல்லிவிட முடியும். புத்தகம் திறந்தே இருக்கும்; கண்ணும் வரியின் மேலேயே இருக்கும்; மனம் மட்டும் வாசலில் நிற்கும். ஆபத்து இல்லாத இடத்திலும் அந்தக் காது மூடிக்கொள்வதில்லை என்பதுதான் துன்பம். வகுப்பில் யாராவது கரும்பலகைத் துடைப்பானைத் தரையில் போட்டால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். எங்களில் ஒருத்தி மட்டும் தோளைக் குறுக்கித் தலையைக் கவிழ்ப்பாள். ஒரு முறை அதைக் கண்டு வகுப்பே சிரித்தது; அவளும் சேர்ந்து சிரித்தாள்.

உடம்பில் என்னென்ன செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் பல பெற்றோர்கள் இதை 'மனக்கஷ்டம்' என்று மட்டும் நினைக்கிறார்கள். ஒருத்திக்கு ஏழாம் வகுப்பிலிருந்தே வயிற்றுவலி. பூச்சி மருந்து கொடுத்தார்கள், வாயு மாத்திரை கொடுத்தார்கள், ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை என்று வந்தது. ஒன்றுமில்லை என்றதும் நடிக்கிறாள் என்றார்கள். வலி உண்மையான வலிதான். இன்னொருத்திக்கு மாதவிலக்கு மூன்று மாதம் வராமல் நின்றது. தூக்கம் இருவருக்கும் இல்லை. அதனால் முதல் பீரியடில் கண் சொருகும். ஒருத்தியின் தம்பி ஆறாம் வகுப்புப் படிக்கிறான். இன்னும் படுக்கை நனைகிறது. அவனைத் திட்டுவதால் அது நிற்கவில்லை. பகலில் அவனே அக்காளை நோக்கிக் கையை ஓங்குகிறான், அப்பா எப்படி நின்று ஓங்குவாரோ அதே போல, இடது காலை முன்வைத்து. அதைப் பார்த்த அன்றுதான் அந்த அம்மா முதன்முதலாகத் தமக்காக அல்லாமல் அவனுக்காக அழுதார்கள்.

விடுப்புக் கடிதங்களைப் பற்றியும் இங்கே எழுதிவிடுகிறோம். 'எனக்குக் காய்ச்சலாக இருப்பதால்' என்று இந்த ஆண்டில் மட்டும் ஏழு கடிதங்கள் எங்களில் ஒருத்தி கொடுத்திருக்கிறாள். ஒன்றிலும் காய்ச்சல் இல்லை. இரவு நடந்த சண்டையின் மிச்சம் காலையிலும் வீட்டில் இருந்தால், அம்மாவைத் தனியே விட்டுவிட்டு வர அவளுக்கு மனம் வராது. பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி வீட்டில் இருப்பதால் அடி நிற்குமா என்று கேட்கலாம். சில நாள் நிற்கும். அதுதான் அவளைப் பள்ளிக்கு வரவிடாமல் செய்கிறது.

இதற்கெல்லாம் விளக்கம் எங்கள் அறிவியல் பாடத்திலேயே இருந்தது. சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, ஆபத்து வரும்போது அட்ரினலினைச் சுரந்து இதயத்தை வேகமாக ஓடச் செய்கிறது, எதிர்க்கவோ தப்பி ஓடவோ உடம்பைத் தயாராக்குகிறது என்று படித்தோம். புலி வந்தால் அது உயிரைக் காக்கும். புலி போனதும் சுரப்பி அடங்க வேண்டும். புலி ஒவ்வொரு மாலையும் வீட்டுக்கே வருமானால்? கார்ட்டிசால் என்ற மற்றொரு சுரப்பும் ஓயாமல் கூடியும் குலைந்தும் நிற்க, செரிமானம், தூக்கம், மாதச் சுழற்சி, நோயை எதிர்க்கும் சக்தி, பாடத்தை நினைவில் வைக்கும் திறன் எல்லாம் பாதிக்கப்படும். பாடம் நடத்திய ஆசிரியை நாங்கள் கேட்ட கேள்விகளைக் கண்டு ஒன்றும் கேட்காமல், மறுவாரம் சில கட்டுரைகளைத் தேடிக் கொணர்ந்து தமிழில் விளக்கினார்கள்.

அவற்றில் ஒன்று 2011ஆம் ஆண்டு லண்டனில் ஈமன் மெக்ரோரி என்பவரும் குழுவினரும் செய்த ஆராய்ச்சி. 43 பிள்ளைகளின் மூளையை, அவர்களுக்குக் கோபமான முகங்களின் படங்களைக் காட்டிக்கொண்டே ஸ்கேன் எடுத்தார்கள். வீட்டில் வன்முறைக்கு ஆளான பிள்ளைகளின் மூளையில், ஆபத்தை அறியும் அமிக்டலா முதலான பகுதிகள் மற்றவர்களுக்கு இருந்ததைவிட அதிகமாகக் கிளர்ந்தன. போர்க்களத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களிடமும் இதே மாதிரி காணப்பட்டதாம். குறிப்பிடத்தக்கது என்னவென்றால், அந்தப் பிள்ளைகள் வெளியே நன்றாகத்தான் இருந்தார்கள். நோயாளிகள் என்று யாரும் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஆரகன் பல்கலைக்கழகத்தார் 2013இல் வெளியிட்ட இன்னோர் ஆராய்ச்சி, ஆறு மாதம் முதல் ஒரு வயது வரையுள்ள கைக்குழந்தைகளைப் பற்றியது. பெற்றோர் அதிகம் சண்டையிடும் வீட்டுக் குழந்தைகளின் மூளை, தூக்கத்திலேயே, கோபமான குரலுக்கு மற்றக் குழந்தைகளைவிடக் கூடுதலாக அசைந்துகொடுத்தது. 'பிள்ளை தூங்குது, அதுக்கு ஒண்ணும் தெரியாது' என்று சொல்கிற பெற்றோர்களுக்காகவே இதை இங்கே எழுதுகிறோம்.

பிற்கால உடல்நலத்தைப் பற்றிய ஆராய்ச்சி இவற்றிலெல்லாம் பெரியது. வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்னும் மருத்துவர்கள் அமெரிக்காவின் சான்டியாகோ நகரில் வயது வந்தவர்களிடம் அவர்களுடைய குழந்தைப் பருவத்தைப் பற்றிக் கேட்டு, 1998இல் முதல் முடிவுகளை வெளியிட்டார்கள். மொத்தம் 17,000க்கும் மேற்பட்டோர் அதில் பங்கேற்றார்கள். 'தாய் அடிக்கப்படுவதைக் கண்டதுண்டா' என்பதும் கேள்விகளில் ஒன்று. சிறுவயதில் இத்தகைய துன்பங்கள் எத்தனை கூடினவோ, அந்த அளவுக்குப் பின்னாளில் இதய நோய், நுரையீரல் நோய், மனச்சோர்வு, குடிப்பழக்கம் ஆகியவையும் கூடியிருந்தன. படித்தவுடன் எங்களுக்குப் பயமாகிவிட்டது. எங்களில் ஒருத்தி, "அப்போ நமக்கு ஹார்ட் அட்டாக் உறுதியா?" என்று கேட்டாள். ஆசிரியை சிரிக்கவில்லை. பலரைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரிகிற கூட்டுக்கணக்கு அது, தனி ஒருத்தியின் ஜாதகம் அன்று என்று சொன்னார்கள்.

இது நம் நாட்டுக்குத் தொலைவான செய்தியும் அல்ல. 2019-21இல் எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நல ஆய்வின்படி, மணமான பெண்களில் கணவனால் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானோர் இந்திய அளவில் நூற்றுக்கு 29 பேர். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 38 பேர். வெளியே சொன்னவர்களின் கணக்கு இது. தம் தாயைத் தந்தை அடிப்பதைப் பார்த்து வளர்ந்த பெண்கள், தாங்களும் கணவனிடம் அடிபடுவது அதிகம் என்பதையும் இந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கில் எழுத்தறிவில் தமிழ்நாட்டின் முதல் மாவட்டம் எங்கள் மாவட்டம். அதில் எங்களுக்குப் பெருமை உண்டு. ஆனால் இரண்டாம் வீட்டு அப்பா பட்டதாரி.

இனி, பெரியவர்கள் சொல்லும் ஆறுதல்கள். பாட்டி ஒருத்தி சொன்னார்: "பொம்பள பொறுத்துப் போணும் மக்களே. எனக்கு விழாத அடியா? நீ போய்ப் படி." பாட்டியின் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை; அவருடைய முதுகிலும் தழும்பு இருக்கிறது. 'பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொண்டேன்' என்று அம்மாக்கள் சொல்லும்போது மட்டும் எங்களால் பேசாமல் இருக்க முடியவில்லை. பொறுப்பதையும் நாங்கள்தானே பார்த்துக்கொண்டிருக்கிறோம்! மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் குடும்ப வாழ்வைப் பற்றி எழுதிய 'அன்பின் மகிழ்வு' என்னும் ஊக்கவுரையில், மனைவியை அடிப்பது ஆண்மை அன்று, கோழைத்தனம் என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறார். தாயையோ பிள்ளைகளையோ வன்முறையிலிருந்து காக்க வேண்டிவந்தால் பிரிந்து வாழ்வது தவிர்க்க முடியாததாகவும், ஒழுக்கநெறிப்படி தேவையானதாகவும் ஆகலாம் என்ற கருத்தும் அதே உரையில் இருக்கிறது. இதை ஓர் அருட்சகோதரி எங்களுக்கு எடுத்துக் காட்டினார்கள். ஓர் அம்மாவுக்குப் பதினேழு ஆண்டுகளாக இருந்த சந்தேகம் அதனால் தீர்ந்தது. திருமணத்தின் பெயரால் அடியைத் தாங்க வேண்டும் என்று அவரிடம் சொன்னவர்கள் பலர். இந்தப் பக்கத்தைக் காட்டியவர் ஒருவரும் இல்லை.

சட்டம் இருக்கிறது என்பதும் பலருக்குத் தெரியாது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. கையால் அடிப்பதை மட்டுமன்றி, வசைமொழி, அவமானப்படுத்துதல், செலவுக்குப் பணம் தராமல் வதைத்தல் ஆகியவற்றையும் அது வன்முறை என்கிறது. வீடு யார் பெயரில் இருந்தாலும் மனைவியை அங்கிருந்து வெளியே தள்ள முடியாது. நீதிமன்றம் விரும்பினால் அடிக்கிறவரையே வெளியேறச் சொல்லலாம். அம்பிகைக்கு அப்படியொரு சட்டம் இருந்திருந்தால் சோமசர்மன்தான் மூட்டை கட்டியிருப்பான். பாதிக்கப்பட்டவள் சிறுமி என்றால், அவள் படிக்கும் பள்ளிக்குள் நுழையவும் அவருக்குத் தடை விதிக்கலாம். பாதுகாப்பு அலுவலர் என்ற ஒருவர் மாவட்டத்தில் இருக்கிறார். அடிபட்டவர்தான் அவரிடம் போக வேண்டும் என்பதில்லை. நடப்பதை அறிந்த யார் வேண்டுமானாலும் தகவல் கொடுக்கலாம், நல்லெண்ணத்தோடு கொடுத்தவர்மேல் வழக்கு வராது. இந்த ஒரு பிரிவைச் சுவருக்கு அப்பால் குடியிருப்பவர்கள் படித்தாலே போதும். விண்ணப்பத்தை 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்றும் சட்டத்தில் எழுதியிருக்கிறது. எங்களுக்குத் தெரிந்த விண்ணப்பம் ஒன்று ஐந்தாம் மாதத்தில் இருக்கிறது.

தொலைபேசி எண்களையும் எழுதிவிடுகிறோம். இப்பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொண்டாலும் எங்களுக்கு வருத்தமில்லை. பிள்ளைகளுக்கு 1098. பெண்களுக்கு 181. மனம் தாங்கமுடியாமல் போகும்போது பேச 14416. மூன்றிலும் இரவிலும் பேசலாம், காசு இல்லை.

ஆனால் எண்ணைச் சுழற்றும் தைரியம் வருவதற்கு முன்னால் ஒரு மனிதர் வேண்டியிருக்கிறது. பசிபிக் கடலில் ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 பிள்ளைகளை, எம்மி வெர்னர் என்பவரும் தோழியரும் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். அக்காலத்தில் கரும்பும் அன்னாசியும் விளைந்த தோட்டத் தொழிலாளர் தீவு அது. ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகளான எங்களுக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. வறுமை, சண்டை, குடி எனப் பல துன்பங்கள் சேர்ந்த வீடுகளில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாகவே ஆளானார்கள். எப்படி என்று பார்த்தபோது அடிக்கடி கிடைத்த விடை, அன்போடு விடாமல் துணைநின்ற பெரியவர் ஒருவராவது அவர்களுக்கு இருந்தார் என்பது. தாத்தாவாக, பாட்டியாக, ஆசிரியராக, அடுத்த வீட்டாராக இருந்தார்கள் அவர்கள்.

எங்களுக்கு அப்படிப்பட்டவர் பக்கத்து வீட்டு மாமி. அவர் கவாய்த் தீவைப் பற்றிக் கேள்விப்பட்டவர் அல்லர். அந்த வீட்டில் சத்தம் தொடங்கினால் வேலியருகே வந்து, "பிள்ளே, கிழங்கு அவிச்சேன், மீன்கறி இருக்கு, தம்பியையும் கூட்டிட்டு வா" என்று உரக்கக் கூப்பிடுவார். பல நாள் கிழங்கும் இருக்காது, மீனும் இருக்காது. கட்டன் சாயாதான் இருக்கும். ஏன் அழுகிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. பாயை விரித்துப் போட்டுவிட்டு, தம்முடைய வேலையைப் பார்ப்பார். அவர் குரல் கேட்டதும் அந்த வீட்டிலும் சத்தம் சற்று அடங்கும் என்பதை நாங்கள் பலமுறை கவனித்திருக்கிறோம். வெளியே ஒருவர் விழித்திருக்கிறார் என்பது உள்ளே தெரிந்துவிடுகிறது அல்லவா?

பள்ளியிலும் ஒருவர் இருந்தார்கள். ஏழாவது விடுப்புக் கடிதத்தைக் கொடுத்தபோது, அருட்சகோதரி அதை வாங்கிப் படித்துவிட்டு, நெற்றியில் கை வைத்துப் பார்க்கவில்லை. "மாலையில் கொஞ்ச நேரம் நூலகத்தில் எனக்குப் புத்தகம் அடுக்க வருகிறாயா?" என்று கேட்டார்கள். மூன்று வாரம் புத்தகம் அடுக்கினாள். நான்காம் வாரம் அவளாகவே பேசினாள். சகோதரி அப்பாவைப் பள்ளிக்கு அழைத்துக் கண்டிக்கவில்லை. அதற்காக அவர்களுக்கு நாங்கள் என்றும் நன்றியுள்ளவர்கள். அப்படி அழைத்திருந்தால் அன்றிரவு அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். அம்மாவை மட்டும் அழைத்துப் பேசினார்கள். பிறகு அம்மாவோடு நாகர்கோவில் வரை பேருந்தில் போய், பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கும்வரை கூடவே இருந்தார்கள். திரும்பி வரும்போது அம்மா வழிநெடுக ஒன்றும் பேசவில்லையாம். குழித்துறைப் பாலம் வந்ததும், "சிஸ்டர், பசிக்குது" என்றார்களாம்.

அதற்குப் பின் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். நீதிமன்றம், இனி அடிக்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவு கொடுத்திருக்கிறது. அப்பா நான்கு மாதமாகக் கை ஓங்கவில்லை, பேசவும் இல்லை. குடியை விடுவதற்கு ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை போனார், மூன்றாம் முறை போகவில்லை. நாங்கள் அவரை வெறுக்கிறோமா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை. மகளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவர்தான், பின்னால் பிடித்துக்கொண்டே ஆற்றங்கரை வரை ஓடிவந்து. இரண்டாம் வீட்டில் இன்னும் ஒன்றும் மாறவில்லை. அந்த அம்மா 181 என்ற எண்ணை அரிசிப் பானை மூடியின் உள்பக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள்.

வயிற்றுவலிக்காரிக்கு வலி குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. பைக் சத்தம் கேட்டால் இப்போதும் பேனா நின்றுவிடுகிறது. ஆனால் முன்பு அரைமணி நேரம் நின்றது, இப்போது அந்த வரியை மறுபடி படித்துத் தொடர முடிகிறதாம். தம்பி சண்டை இல்லாத நாளிலும் மாமி வீட்டுக்கே போய் ஒன்பது மணிக்குள் தூங்கிவிடுகிறான். போன மாதத்தில் பாய் இரண்டு நாள்தான் நனைந்தது என்று மாமி விரல்விட்டு எண்ணிச் சொன்னார். அரைப்பரீட்சையில் அவன் கணக்கில் வாங்கியது 31. தேர்ச்சிக்கு நான்கு மதிப்பெண் குறைவு. போன பரீட்சையில் அவன் வாங்கியது 12.